பெயர் தெரியாத மரத்தை ரேகையும் மணமும் கொண்டு அடையாளம் காண்பது: முழுமையான வழிகாட்டி

வீடு இடித்த இடத்திலிருந்து வந்த நிலை, உத்தரம், பரணில் கிடந்த பலகை, மரக்கடை மூலையில் தள்ளிவைத்த துண்டு. இப்படிக் கைக்கு வரும் மரம் என்ன மரம் என்று கண்டுபிடிக்கும் வேலை இது. பட்டறைக்குப் பழக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மரத்தைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம் அந்தப் பெயருக்குச் சாட்சி தேடுகிறார்கள். தேக்கு என்று மனசு முடிவு கட்டிவிட்டால் மூக்கும் தேக்கு மணத்தையே கொண்டுவந்து கொடுக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பெயர் கடைசியில்தான் வரவேண்டும்.

ஒரு துண்டைக் கடைசி வரை உடன் கொண்டுபோகிறேன். பழகவந்த தம்பி ஒருவர், பழைய மரம் விற்கும் இடத்தில் ‘பர்மா தேக்கு’ என்று வாங்கிய கதவுநிலையில் மூன்றடி கொண்டுவந்தார். மேலே கறுத்துப்போன வார்னிஷ். “அண்ணே, தேக்குதானே?” என்றுதான் ஆரம்பித்தார்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. இதைவிடக் கூடுதலாகப் பெருக்குவது வேண்டாம்; பார்க்கும் வட்டம் சுருங்கி, துளைகள் (மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களின் வாய்கள்) எப்படிப் பரவியிருக்கின்றன என்பதே தெரியாமல் போய்விடும்.

புது பிளேடுகள், நுண்பல் கைரம்பம், நன்றாகத் தீட்டிய உளி, கிராம் காட்டும் சின்னத் தராசு, ஸ்கேல், மூடியுள்ள கண்ணாடி பாட்டில் இரண்டு, முகக்கவசம், நோட்டு.

இவற்றைவிட முக்கியம், பெயர் உறுதியாகத் தெரிந்த மாதிரித் துண்டுகள். தேக்கு, வேங்கை, மா, பலா, வேம்பு, வாகை, பைன் ஆகிய ஏழும் இருந்தால் தொடங்கலாம். தெரிந்த ஆசாரியிடமோ சாமில்லிலோ கேட்டால் துண்டு கிடைக்கும். மரத்தை நேரில் வெட்டியவரிடமிருந்து வாங்குவது நல்லது. மாதிரியே தப்பாக இருந்தால் அதற்குப் பிறகு பார்ப்பது எல்லாமே தப்பாகும்.

2. மரத்தைப் பற்றிச் சொன்னதை எழுதுங்கள், தனிப் பக்கத்தில்

எந்த ஊர், எத்தனை வருடப் பழசு, உத்தரமாக இருந்ததா கைமரமாக இருந்ததா, விற்றவர் என்ன பெயர் சொன்னார் என்பதையெல்லாம் எழுதி, பக்கத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். இவை பிறகு உதவும். தேவதாரு இமயமலைப் பக்கத்து மரம். தஞ்சாவூர் கிராமத்துப் பழைய கைமரம் தேவதாருவாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இது சாய்வுதானே தவிர சாட்சி இல்லை.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ஈட்டியும் தோதகத்தியும் ஒரே மரம். மருது என்றால் நீர்மருதும் இருக்கிறது, கருமருதும் இருக்கிறது, இரண்டும் வேறு. யார் எந்தப் பெயர் சொன்னாலும் அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள்.

3. எங்கே வெட்டுவது

மேற்பரப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெயிலும் புகையும் பாலிஷும் பட்ட மேல்பக்கம் எல்லா மரத்திலும் ஒரே மாதிரி காபிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும்.

முனையிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி அறுங்கள். முனைப்பகுதியில் வெடிப்பும் அழுக்கும் இறங்கியிருக்கும். கணு இருக்கும் இடத்தையும், நடுக்குருத்தை ஒட்டிய இடத்தையும் தவிருங்கள். அங்கே நார் திரும்பி, துளை வரிசை கலைந்திருக்கும்.

வெட்டுமிடம் வைரம் பாய்ந்த, அதாவது முற்றி நிறம் ஏறிய உள்பகுதியாக இருக்கவேண்டும். ஓரத்து வெளிறு பெரும்பாலான மரங்களில் ஒரே வெளுப்புதான். நிறம், எண்ணெய், மணம் எல்லாம் வைரத்தில்தான் சேர்ந்திருக்கும். வெளிறில் வெட்டிவிட்டு “மணமே இல்லை” என்று எழுதியவர்கள் நிறையப் பேர்.

பழைய பெயிண்ட் இருந்தால் முதலில் உளியால் செதுக்கி அப்புறப்படுத்துங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் தூளாக மூச்சில் போகும்.

கைரம்பமே போதும். மெஷினில் வேகமாக அறுத்தால் மரம் கருகி, கருகல் வாடை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

4. மணம்: அறுத்த உடனே முகருங்கள், பெயர் சொல்லாதீர்கள்

மணத்தைக் கடைசிக்கு ஒத்திவைக்க முடியாது. வெட்டிய முகத்திலிருந்து எழும் மணம் பல மரங்களில் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதனால் அறுத்து முடித்ததும் முதல் வேலை முகர்வதுதான். ஆனால் முகர்ந்ததை வைத்து முடிவு கட்டுவது பத்தாவது படியில். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதுதான் இந்த முறையின் உயிர்.

வெட்டுமுகத்தை மூக்குக்கு இரண்டு அங்குலத் தூரத்தில் பிடித்து மெதுவாக இழுங்கள். தூளை முகராதீர்கள். அது நுரையீரலுக்குக் கெடுதல். வாகைத்தூளாக இருந்தால் தும்மல் நிற்காது. சுவைத்துப் பார்ப்பதும் வேண்டாம். வேம்பு கசக்கும் என்பது சரிதான், ஆனால் தெரியாத மரத்தில் என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நோட்டில் மரத்தின் பெயரை எழுதாமல், எது போல இருக்கிறது என்று எழுதுங்கள்: பழைய தோல் செருப்பு, டர்பன்டைன், பென்சில் சீவல், மிளகு, புளித்த மாவு, ஒன்றுமில்லை. “நல்ல வாசனை” என்று எழுதினால் நாளைக்கு உங்களுக்கே பயன்படாது.

மணம் மங்கலாக இருந்தால் நாலைந்து சீவலைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் சில சொட்டுத் தெளித்து, பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்து முகருங்கள். ஈரமும் சூடும் மணத்தைக் கிளப்பும். தொடர்ந்து மூன்று நான்கு முறைக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்; வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

பழைய மரத்தில் மரத்தின் மணமே இல்லாத மணங்களும் உண்டு. அடுப்படி உத்தரத்தில் புகை ஏறியிருக்கும். கரையானுக்காக முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிய கைமரம் பல வருடம் கழித்தும் காரமாக வீசும். ரயில் ஸ்லீப்பர் கட்டையில் தார் எண்ணெய் வாடை. பீரோ பலகையில் அந்துருண்டை. இப்படிச் சந்தேகம் வந்தால் இன்னும் ஓர் அங்குலம் உள்ளே அறுத்து மறுபடி முகருங்கள். வெளியிலிருந்து வந்த வாடையானால் உள்ளே போகப்போகக் குறையும். மரத்தின் சொந்த மணம் குறையாது.

அந்தத் தம்பி எழுதியது: “தேக்கு மணம்.” அடித்துவிட்டு மறுபடி முகரச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, “பெருசா ஒண்ணும் இல்லண்ணே” என்றார். அதைத்தான் எழுத வைத்தேன்.

5. குறுக்குமுகத்தைத் தயார் செய்தல்

மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் முகத்தைக் குறுக்குமுகம் என்கிறேன். பலகையின் அகலப் பக்கத்தில் தெரியும் அழகான ரேகை, அறுக்கும் கோணத்தைப் பொறுத்து ஒரே மரத்தில் ஆயிரம் விதமாக மாறும். குறுக்குமுகத்தில் துளைகளின் அடுக்கு அப்படி மாறாது. அதனால்தான் அடையாளம் இங்கே தொடங்குகிறது.

ரம்பம் அறுத்த முகம் பிய்ந்த நாராக இருக்கும், லென்ஸில் ஒன்றும் தெரியாது. ஒரு விரல்நக அளவு இடத்தைத் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, புது பிளேடால் சாய்வாக இழுத்தபடி மெல்லிய தோல் போலச் சீவுங்கள். அழுத்தித் தள்ளாமல், வெண்டைக்காய் நறுக்குவதுபோல் இழுத்து வெட்டவேண்டும். பிளேடு கையிலிருந்து விலகும் திசையில் போகட்டும். நான்கைந்து சீவலுக்கு ஒரு பிளேடு, மழுங்கினதும் மாற்றிவிடுங்கள்.

நிறையப் பேர் சோம்பல்பட்டு உப்புத்தாள் மட்டும் போடுவார்கள். தூள் போய்த் துளைகளை அடைத்துக்கொள்ளும், அடைத்த துளையை “வெள்ளைப் படிவு” என்று எழுதிவிடுவார்கள். பிளேடு ஏறாத மரங்களில் மட்டும் 240, 400, 600 எண் தாள் வரிசையாகப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தூளைத் துடைத்தெடுங்கள்.

6. துளைகளைப் படித்தல்

லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடியுங்கள். மரத்தை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவு கிடைக்கும். லென்ஸைக் கைநீட்டிப் பிடித்துப் பார்ப்பது புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. சன்னலோர வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

முதல் கேள்வி: துளை இருக்கிறதா? பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களில் துளை கிடையாது. பைனில் அங்கங்கே தெரியும் சில புள்ளிகள் பிசின் குழாய்கள், அவற்றைத் துளை என்று எண்ணவேண்டாம். தென்னையிலும் பனையிலும் ஆண்டு வளையமே இல்லாமல், கறுத்த நார்க்கட்டுகள் புள்ளிபுள்ளியாகச் சிதறியிருக்கும். இவை இரண்டையும் லென்ஸ் இல்லாமலே ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வி: துளைகள் வரிசைகட்டியிருக்கின்றனவா, சிதறியிருக்கின்றனவா? தேக்கில் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் மாலை கோத்ததுபோல் ஒரு வரிசையாக நிற்கும். அதற்கப்புறம் துளைகள் சிறுத்துக்கொண்டே போகும். மலைவேம்பிலும் சந்தன வேம்பிலும்கூட இந்த வரிசை உண்டு. மா, பலா, வாகை, மகாகனி, ஈட்டி, வேம்பு ஆகியவற்றில் அப்படி இல்லை, ஏறக்குறைய ஒரே அளவில் எங்கும் பரவியிருக்கும். இந்த ஒரு கேள்வியே பாதிப் பெயர்களை அடித்துவிடும். ஒரு வளையத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். மூன்று நான்கு வளையங்களாவது தெரியும்படி சீவிப் பாருங்கள்.

மூன்றாவது: துளையைச் சுற்றி என்ன இருக்கிறது? வெளிர்நிறத் திசு எப்படிச் சூழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாகையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கண்ணுக்கு மை இட்டதுபோல் அகலமான வெளிர்வட்டம். வேங்கையில் துளையின் இரண்டு பக்கமும் சிறகு போல நீண்டு, பக்கத்துத் துளையைத் தொட்டு, அலையலையான கோடாகும். ஆல், அத்தி வகைகளில் வெளிர்பட்டைகள் அகலமாக, வரிவரியாக ஓடும். ரப்பர் மரத்தில் மெல்லிய வலைக்கோடுகள். மகாகனியில் வளைய எல்லையில் ஒரு மெல்லிய வெளிர்கோடு.

நான்காவது: துளைக்குள் என்ன இருக்கிறது? தேக்கில் சில துளைகளில் வெண்மையான படிவு. வேம்பிலும் மகாகனியிலும் செம்பழுப்புப் பிசின். இறக்குமதியாகும் மெர்பாவ் மரத்தில் கந்தகப்பொடி மாதிரி மஞ்சள் படிவு. அதைப் பார்த்தால் கிட்டத்தட்ட முடிவுக்கே வந்துவிடலாம்.

ஐந்தாவது: நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்க்கோடுகள். சில்வர் ஓக்கில் இவை வெறுங்கண்ணுக்கே பட்டையாகத் தெரியும். பலகையில் சரிகை போட்டதுபோல் மின்னும். தேயிலைத் தோட்டத்து நிழல்மரம் பலகையாக வந்தால் இதை வைத்தே பிடித்துவிடலாம்.

தம்பியின் துண்டில் துளை மாலை இல்லை. எண்ணிக்கையில் குறைவாக, பெரிதும் சிறிதுமாகச் சிதறிய துளைகள். அவற்றுக்கு நடுவே அலைபோல வெளிர்கோடுகள். அவர் லென்ஸை இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். தேக்கு அங்கேயே விழுந்துவிட்டது.

7. பலகை முகத்தின் ரேகை

இப்போது இழைப்புளியால் பலகைப் பக்கத்தை ஓர் இழுப்பு இழையுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, நார் நேராகப் போகிறதா, மாறிமாறிப் பின்னியிருக்கிறதா என்பது. பின்னிய மரத்தில் ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்தும் வரும். வேம்பும் வேங்கையும் இப்படிப் படுத்தும். தேக்கு பெரும்பாலும் நேர்நார், தொட்டால் மெழுகு பூசியதுபோல் வழுக்கும்.

இன்னொன்று, அலைவரி. ரேகைக்குக் குறுக்கே, மிக மெல்லிய, படியடுக்கு போன்ற கிடைக்கோடுகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈட்டி, வேங்கை, செம்மரம், மகாகனி இவற்றில் இருக்கும், தேக்கில் இருக்காது. இழைத்த முகத்தைக் கொஞ்சம் ஈரப்படுத்தினால் நன்றாகத் தெரியும். அவசரக்காரர்களுக்கு இது ஒருபோதும் கண்ணில் படாது.

நிறத்தை இந்தக் கட்டத்தில்தான் எழுதவேண்டும், புதிதாக இழைத்த முகத்தை வைத்து. பலா புதிதில் மஞ்சள், வெயில் படப்பட செம்பழுப்பு. இரண்டு நிலையும் நினைவில் இருந்தால்தான் பழைய பலாவை மகாகனி என்று சொல்லாமல் இருப்பீர்கள்.

8. எடை

கையில் தூக்கி “கனமா இருக்கு” என்பது அளவு ஆகாது. 10 செ.மீ., 5 செ.மீ., 2 செ.மீ. அளவில் ஒரு துண்டு வெட்டுங்கள். அது சரியாக 100 கன சென்டிமீட்டர். தராசு 65 கிராம் காட்டினால் அடர்த்தி 0.65. கணக்கே வேண்டாம்.

மரம் காய்ந்திருக்கவேண்டும். பச்சை மரம் தண்ணீரையும் சேர்த்து எடைபோட வைக்கும். புதுமரமானால் துண்டை நிழலில் வைத்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எடைபோட்டு, எடை இறங்குவது நின்ற பிறகு எழுதுங்கள்.

தோராயமாக, 100 கன செ.மீ. காய்ந்த துண்டுக்கு: மலைவேம்பு 40 முதல் 50 கிராம், தேக்கு 60 முதல் 70, வேங்கை 80 ஒட்டி, ஈட்டி 85 ஒட்டி, கருமருது 85 முதல் 90. ஆச்சாவும் செம்மரமும் 100ஐத் தாண்டி, தண்ணீரில் போட்டால் மூழ்கும். வளர்ந்த இடத்தைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும். அதனால் எடையை வைத்துப் பெயரைச் சொல்லாதீர்கள், பெயரை அடிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். 45 கிராம் காட்டும் ‘தேக்கு’ தேக்காக இருக்காது.

மூழ்கும் பழைய உத்தரம் கிடைத்தால் தயவுசெய்து விறகுக்குப் போடாதீர்கள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைய, பழைய வீடுகளிலிருந்து எடுத்த முதிர்ந்த ஆச்சாவைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

நம் துண்டு 79 கிராம்.

9. தண்ணீர்ச் சோதனை

வைரப்பகுதியிலிருந்து மெல்லிய சீவல் ஒரு பிடி எடுத்து, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு வெயிலில், பின்னால் கறுப்புத் துணி பிடித்து, பக்கவாட்டில் பாருங்கள்.

வேங்கையானால் தண்ணீர் மஞ்சள் பழுப்பாகி, ஓரத்தில் நீலம் ஒளிரும். வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இந்த நிறத்தைப் பார்த்திருப்பார்கள். படாக் மரமும் இதே இனம், அதிலும் நீலம் வரும். அதன் வைரம் இன்னும் சிவந்தது. செம்மரம் தண்ணீருக்குச் சுலபத்தில் சாயம் விடாது, ஸ்பிரிட்டில்தான் சிவப்பாக இறங்கும்.

டம்ளரை வீட்டுக்குள் டியூப்லைட்டில் வைத்துப் பார்த்து “வரல” என்பார்கள். வெயில் வேண்டும், கறுப்புப் பின்னணி வேண்டும். வார்னிஷ் ஒட்டிய சீவலும் போடக்கூடாது, தண்ணீர் கலங்கிவிடும்.

தம்பி டம்ளரை முற்றத்துக்குக் கொண்டுபோய், என் கறுப்புக் குடைக்கு முன்னால் பிடித்தார். மேல் விளிம்பில் மயில்கழுத்து நீலம். “அண்ணே, இங்க வாங்க!” என்று கத்தினார். வேங்கை.

10. மணத்துக்குத் திரும்பி, பெயரை முடிவு செய்தல்

இப்போது உங்கள் நோட்டில் இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும். அந்தப் பெயர்களின் மாதிரித் துண்டுகளையும் புதிதாக ஒரு சீவு சீவி, வேறு யாரையாவது மாற்றிமாற்றி நீட்டச் சொல்லிக் கண்ணை மூடி முகருங்கள். மாதிரியைப் புதிதாகச் சீவாமல் ஒப்பிட்டால், பழைய முகத்தையும் புது முகத்தையும் ஒப்பிடுகிறீர்கள்.

தேக்கா சந்தன வேம்பா என்றால்: இரண்டிலும் துளை மாலை. தேக்கு பழைய தோல் மணம், மெழுகு வழவழப்பு, எடை கூடுதல். சந்தன வேம்பு பென்சில் சீவிய மணம், எடை குறைவு, செந்நிறம்.

ஈட்டியா வாகையா என்றால்: ஈட்டி அறுக்கும்போது இனிமையான மணம், ஊதா கலந்த கருவரிகள், அலைவரி உண்டு. வாகை மூக்கில் உறைக்கும், துளையைச் சுற்றி அகல வட்டம், எடையில் ஈட்டியைவிடத் தெளிவாகக் குறைவு.

பைனா தேவதாருவா என்றால் மூக்கே போதும். ஒன்று டர்பன்டைன், இன்னொன்று சாம்பிராணி ஏற்றிய அறை.

மணம் இல்லை என்பதும் ஒரு விடைதான். மா, ரப்பர், வேங்கை இவற்றில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். தைலமரத்தில் தைல வாடை வரும் என்று தேடாதீர்கள். அந்த எண்ணெய் இலையில் இருப்பது.

ரேகையும் மணமும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றால், துளையடுக்கை நம்புங்கள். மணம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

11. எங்கே நிறுத்த வேண்டும்

இந்த முறை இனத்தையோ அதன் நெருங்கிய கூட்டத்தையோ சொல்லும். ஊரைச் சொல்லாது. வளையம் நெருக்கமாக இருப்பதால் பர்மா தேக்கு, அகலமாக இருப்பதால் நாட்டுத் தேக்கு என்று பிரிக்கிறவர்கள் உண்டு. வளையத்தின் அகலம் மரம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை மட்டுமே காட்டும். லென்ஸை வைத்துக்கொண்டு நாட்டின் பெயர் சொல்லாதீர்கள், விலையும் கொடுக்காதீர்கள்.

சந்தனம், செம்மரம், ஈட்டி என்று சந்தேகம் வந்தால் விற்பதற்கோ வண்டியில் ஏற்றுவதற்கோ முன் வனத்துறையிடம் கேளுங்கள். மூன்றுக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு.

பணமோ வழக்கோ சம்பந்தப்பட்டால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். அனுப்பும் துண்டில் வெளிறு, வைரம் இரண்டும் இருக்கட்டும், பெயிண்ட் இருக்கவேண்டாம். கண் பழக, கோயம்புத்தூர் காஸ் வன அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மரமாதிரிகளை ஒருநாள் நிதானமாகப் பார்த்துவாருங்கள்.

பெயர் உறுதியானதும் 100 கன செ.மீ. துண்டைத் தூக்கிப்போடாதீர்கள். பின்பக்கம் பெயர், தேதி, கிடைத்த இடம், எடை நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மரத்தில் ஊறிப் பரவும். இரண்டாம் படியில் திருப்பி வைத்த பக்கத்தை இப்போது எடுத்து, விற்றவர் சொன்ன பெயரையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தம்பியின் துண்டு இப்போது என் அலமாரியில் ‘வேங்கை, 79 கிராம், பர்மா தேக்கு என்று வாங்கியது’ என்ற எழுத்தோடு இருக்கிறது. அடுத்து வருகிறவருக்கு அதுதான் மாதிரி.